அம்மாவன் வந்த பிறகுதான் பேச்சு

டெக்னோபார்க்கில் வேலை பார்த்த காலத்தில் கழக்கூட்டத்து நாயர் வீட்டுப் பெண்ணைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவன் நான். சம்பந்தம் பேச அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலியிலிருந்து வந்தார்கள். சாயா வந்தது, பழம்பொரி வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. பெண்ணின் அப்பா முக்கால் மணி நேரம் மழையைப் பற்றியே பேசினார். அப்புறம் பெண்ணின் அம்மாவன், அதாவது தாய்மாமன், வந்து உட்கார்ந்தார். பத்து நிமிடத்தில் தேதி முடிவாகிவிட்டது. வெளியே வந்ததும் அம்மா கேட்டாள்: "ஏம்ல, பெத்த அப்பனுக்கு வாயில்லையா?"

நமக்கும் தாய்மாமன் முக்கியம்தான். ஆனால் சீர் செய்வதற்குத்தான், முடிவு செய்வதற்கு இல்லை. இந்த வித்தியாசம் எனக்குப் புரிய வருடக்கணக்கானது. அதுவரை "என் மாமனாரை வீட்டில் யாரும் மதிப்பதில்லை" என்றே நினைத்திருந்தேன்.

விஷயம் மருமக்கத்தாயம். தறவாட்டுச் சொத்து தாய்வழியில் பொது; நிர்வாகம் மூத்த ஆணான காரணவர் கையில். மனைவி பிறந்த வீட்டிலேயே இருப்பாள், கணவன் வந்து போவான். அவன் பிள்ளைகளுக்கு அவன் தறவாட்டில் உரிமை கிடையாது. அவனுக்கு வாரிசு சகோதரியின் பிள்ளைகள். அரச பதவியும் அப்படியே.

இந்த முறையால் ரத்தம் சிந்திய கதையில் கழக்கூட்டத்துக்கே பங்குண்டு. வேணாட்டு அரசர் ராமவர்மா 1729-ல் இறந்தபோது பட்டத்துக்கு வந்தவர் மருமகன் மார்த்தாண்டவர்மா. அரசரின் மகன்கள் பப்புத் தம்பியும் ராமன் தம்பியும் பட்டம் தங்களுக்கே என்றார்கள். அவர்களோடு சேர்ந்தவர்கள் எட்டுவீட்டில் பிள்ளைமார். அந்த எட்டுப் பேரில் ஒருவர் கழக்கூட்டத்துப் பிள்ளை. வேடிக்கை என்னவென்றால், பிள்ளைமாரும் மருமக்கள்வழிக்காரர்களே! மகனுக்குப் பட்டம் என்ற கொள்கைக்காகவா போனார்கள்? தங்கள் அதிகாரத்தை ஒடுக்க வந்த அரசனை ஒடுக்கப் போனார்கள் என்பதுதான் என் எண்ணம்.

தம்பிமார் நாகர்கோவில் அரண்மனையில் கொல்லப்பட்டார்கள். பிள்ளைமாருக்கு மரண தண்டனை. வீடுகளை இடித்துக் குளம் தோண்டியதாகவும், பெண்களையும் குழந்தைகளையும் கடற்கரைக்காரர்களிடம் ஒப்படைத்ததாகவும் சொல்வார்கள். சி.வி. ராமன் பிள்ளை 1891-ல் எழுதிய 'மார்த்தாண்டவர்மா' நாவலில் இவர்கள் வில்லன்கள். நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டிலோ தம்பிமார்தான் நாயகர்கள். மாமனார் வீட்டில் முதல் கதை, எங்கள் பக்கம் இரண்டாவது கதை. சாப்பாட்டு மேஜையில் இதைப் பேசி ஒருமுறை நானும் அம்மாவனும் சண்டையே போட்டோம் :-)

"மலையாளத்தான் வழக்கம் நமக்கெதுக்கு" என்று அம்மா சொல்வாள். அம்மாவுக்குத் தெரியாதது, எங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரத்தில் போய்விடக்கூடிய நாஞ்சில் நாட்டில், தமிழ் பேசும் வெள்ளாளரும் இதே வழிதான் என்பது. அங்கே இன்னும் மோசம். மனைவி கணவன் வீட்டுக்கு வந்து மாமியாரோடு குடும்பம் நடத்த வேண்டும்; கணவன் கண்ணை மூடினால் சொத்து அவன் மருமகனுக்கு. மனைவி மக்களுக்கு 'உகந்துடைமை' என்று ஒரு பங்கு, அவ்வளவே. ஆக, மாமியாருக்கு நாத்தனாரின் பிள்ளைதான் எதிர்கால முதலாளி, மருமகளின் பிள்ளை விருந்தாளி. இப்படி ஒரு வீட்டில் எந்த மருமகள் நல்ல பெயர் வாங்க முடியும்? தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 'நாஞ்சில்நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' எழுதியது இதைத்தான். ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி தன் கஷ்டத்தைத் தானே சொல்வதாக அமைந்த நூல். சிரிக்கச் சிரிக்கப் போய் வயிற்றைப் பிசையும். 1926-ல் நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் சட்டம் வந்தது.

நாயர்களுக்கு அதற்கு முன்பே மாற்றம் தொடங்கிவிட்டது. 1912-ல் திருவிதாங்கூரில் சம்பந்தம் சட்டப்படி கல்யாணமானது; 1925-ல் தறவாட்டைப் பாகம் பிரிக்க வழி பிறந்தது. கடைசியில் கேரளக் கூட்டுக்குடும்ப ஒழிப்புச் சட்டம் 1976 டிசம்பரில் அமலுக்கு வந்தது. என் மாமியாருக்கு அப்போது வயது இருபத்தொன்று. சட்டம் போன பின்னும் பழக்கம் போகுமா? கழக்கூட்டத்து வீடு அவருக்கு அவர் அம்மா வழியில் வந்தது. என் மாமனார் நாற்பது வருடமாக அதில் இருக்கிறார். ஆணி அடிப்பதென்றாலும் மாமியாரிடம் கேட்டுவிட்டுத்தான். அவருக்கு அதில் ஒரு குறையும் இல்லை. 'வீட்டோட மாப்பிள்ளை' என்று நம் ஊரில் ஏளனமாகச் சொல்வதை அவரிடம் விளக்கினேன். அதில் ஏளனம் எங்கே இருக்கிறது என்று கடைசிவரை அவருக்குப் புரியவில்லை.

போன விடுமுறையில் மாமியார் அந்த வீட்டை மகளுக்கு எழுதி வைத்தார். மைத்துனர் சந்தோஷமாகவே சாட்சிக் கையெழுத்துப் போட்டார். டொராண்டோ திரும்பியதும் அம்மாவுக்குப் போன் செய்தேன். "உன் பேரையும் சேர்த்துப் போட்டாங்களால?" என்றாள். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அம்மாவன் என்ன சொன்னாரு?" என்று கேட்டாள்.