ரெம்பிராண்ட் எழுதிய ரெம்பிராண்ட்

ஹாலந்து தேசத்து லைடன் நகரில், மாவாலைக்காரர் ஒருவருடைய மகனாக 1606-ஆம் ஆண்டு பிறந்த ரெம்பிராண்ட், தமது அறுபத்துமூன்று வயது ஜீவியத்தில், தைலவர்ணத்திலும் செப்புத் தகட்டிலும் தாளிலுமாகத் தம் முகத்தை ஏறக்குறைய எண்பது தடவை எழுதிவைத்தார். அப்படங்களை வயது வரிசையில் நோக்குவோர், வாலிபமும் ஐசுவரியமும் ஒன்றன்பின் ஒன்றாக அந்த முகத்தைவிட்டு நீங்குவதைக் கண்டு, இஃது ஓர் ஆத்மாவின் அந்தரங்க நாட்குறிப்பு என்றே உருகிப்போகிறார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். ஏனெனில், கண்ணாடியின் எதிரில் அமர்ந்தபோதெல்லாம் தாம் எவராகத் தோன்றவேண்டும் என்பதையும் அவர் முன்னதாகவே தீர்மானித்துக்கொண்டவர்.

1630-ஆம் ஆண்டுச் செப்புத்தகட்டுப் படங்களில் அவர் கண்ணை உருட்டுகிறார், நகைக்கிறார், சீறுகிறார். பாவங்களைப் பயில விரும்பிய இளைஞருக்குக் கூலி கேளாத முகம் தம்முடையதே அன்றோ! அம்முகத்தையும் அதை எழுதிய கையையும் ஒருங்கே விலைக்கு வாங்கும் ரசிகர்கள் விரைவில் ஏற்பட்டனர். இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் சேகரத்திலேயே அவருடைய இளமைச் சித்திரம் ஒன்று இடம்பெற்றது. ஆம்ஸ்டர்டாமில் குடியேறிய பின்னர், முதலெழுத்துக்களால் கையொப்பமிடும் பழக்கத்தை விடுத்து, ராஃபேல், டிஷியன் முதலிய இத்தாலிய மேதைகளைப்போல முதற்பெயரால் மட்டுமே கையொப்பமிடலானார். அதை வெறும் கர்வம் என்று தள்ளிவிட முடியவில்லை.

1639-ஆம் ஆண்டில் அவர் பதின்மூவாயிரம் கில்டர் விலைக்குப் பெரியதொரு வீட்டை வாங்கினார். அவ்வாண்டிலேயே ஆம்ஸ்டர்டாம் ஏலத்தில் ராஃபேல் எழுதிய காஸ்டிலியோனே பிரபுவின் சித்திரம் மூவாயிரத்தைந்நூறு கில்டருக்குப் போயிற்று. அதனை அவசரக் கோடுகளில் பிரதி செய்துகொண்ட ரெம்பிராண்ட், அதே தாளில் அந்த விலையையும் குறித்துவைத்தார். ஏலத்தில் அதை எடுத்த அல்ஃபோன்ஸோ லோபெஸிடம், தடித்த நீலக் கைச்சட்டை புலப்பட ஒரு கனவான் திண்டின்மீது முழங்கையை ஊன்றியிருக்கும் டிஷியனின் சித்திரமும் இருந்தது. இவ்விரண்டின் தோரணையையும் கலந்து, தம் காலத்துக்கு ஒரு நூற்றாண்டு முந்திய உடையைத் தரித்துத் தம்மை அவர் 1640-இல் எழுதிய படம், இன்று லண்டன் தேசீய சித்திரசாலையில் இருக்கிறது. மாவாலைக்காரர் மகன் அதில் பிரபுவாக மட்டும் அமர்ந்திருக்கவில்லை. டிஷியனின் வாரிசாகவும் அமர்ந்திருக்கிறார்.

1656-இல் கடன் மிகுந்து அவருடைய உடைமைகள் நீதிமன்றத்தின் பொறுப்புக்குச் சென்றன. வீடும் 1658-இல் விலைபோயிற்று. அந்த 1658-இல் அவர் எழுதியதும், இப்பொழுது நியூயார்க்கின் ஃப்ரிக் மாளிகையில் உள்ளதுமான நான்கடிக்கு மேற்பட்ட உயரமுள்ள சித்திரத்தில் ஏழ்மையின் சாயலைத் தேடுவோர் ஏமாற்றமடைவர். பொன்னிற அங்கி பளபளக்க, கையிலே தடியோடு, சிம்மாசனத்தில் வீற்றிருக்கும் கீழ்த்திசை மன்னரென நம்மை நோக்குகிறார். முகத்தில் மாத்திரம் சதை தளர்ந்திருக்கிறது. நாட்குறிப்புக் கொள்கையினர் இப்படத்தினருகே வரும்போது சற்று வேகமாக நடந்துவிடுகிறார்கள்.

தொழிற்கோலத்திலும் தம்மை அவர் எழுதினார் என்பது மெய்யே: 1652-இல் வேலையுடையுடன் எழுதிய படம் வியன்னாவில் இருக்கிறது, 1665-ஐ ஒட்டியதும் லண்டன் கென்வுட் மாளிகையில் உள்ளதுமான படத்தில் வர்ணப்பலகையும் தூரிகைகளும் கையிலேயே இருக்கின்றன. அப்படத்தை எக்ஸ்ரே கதிர்களால் ஆராய்ந்தபோது, கண்ணாடியில் கண்டவாறே கைகளை இடம் மாற்றி முதலில் எழுதியவர், பின்னர் அதைத் திருத்தினார் என்பது வெளிப்பட்டது. மரணமடைந்த 1669-ஆம் வருஷத்துச் சித்திரம் ஒன்றிலும் இத்தகைய திருத்தம் உண்டு. தூரிகை ஏந்தியிருந்த கைகளை அழித்து, அவற்றை வெறுமனே கோத்துவைத்தார். தலைப்பாகையின் அளவையும் மாற்றினார்.