இலவசப் பள்ளி உணவுத் தகுதி (இங்கிலாந்து): குறைந்த வருவாயுள்ள உழைக்கும் குடும்பங்கள்

இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் மதிய உணவு பொதுவாகக் காசுக்குத்தான் கிடைக்கும். பெற்றோர் குறிப்பிட்ட சில அரசு உதவித்தொகைகளைப் பெறுபவராக இருந்தால் பிள்ளைக்கு அது இலவசம். இந்த நிபந்தனைகளின் தொகுப்பே இலவசப் பள்ளி உணவுத் தகுதி எனப்படுகிறது. வருமானமே இல்லாத வீட்டுப் பிள்ளைக்குச் சோறு போட வேண்டும் என்பதில் இரண்டாம் உலகப்போருக்குப் பின் பெரிய தகராறு எழவில்லை. வேலைக்குப் போயும் கூலி போதாத குடும்பத்தை எந்தப் பக்கம் நிறுத்துவது என்பதில்தான் சட்டம் திரும்பத் திரும்பத் தடுமாறியது. பிள்ளையின் நிலையைப் பார்த்து முடிவு செய்வதை விட்டு, பெற்றோர் வாங்கும் உதவித்தொகையின் பெயரைப் பார்த்து முடிவு செய்யத் தொடங்கியதே இந்தத் தடுமாற்றத்துக்கு வேர்.

தொடக்கம்: 1906 முதல் 1944 வரை

1870ஆம் ஆண்டுச் சட்டம் தொடக்கப் பள்ளிகளைப் பரப்பியது. 1880ஆம் ஆண்டுச் சட்டம் வருகையைக் கட்டாயமாக்கியது. அதுவரை தெருவிலும் பட்டறையிலும் மறைந்திருந்த பசி வகுப்பறையில் கண்ணுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது. போயர் போருக்கு ஆளெடுத்தபோது உடல்தகுதியின்றித் திருப்பியனுப்பப்பட்டவர்கள் ஏராளம். அதன் விளைவாக அமைந்த அரசுக் குழு 1904இல் அளித்த அறிக்கை, பசித்த பிள்ளைக்குப் பாடம் நடத்திப் பயனில்லை என்ற கருத்துக்கு வலுச் சேர்த்தது. கம்பளி ஆலை நகரான பிராட்ஃபோர்டில் மார்கரெட் மக்மில்லன், ஃபிரெட் ஜோவெட் ஆகியோர் இதையே வலியுறுத்தி வந்தனர். தொழிற்கட்சி உறுப்பினர் வில்லியம் வில்சன் கொண்டுவந்த மசோதா 1906இல் சட்டமானது. உணவின்மையால் கல்வியின் முழுப் பயனைப் பெற முடியாத பிள்ளைக்கு உணவளிக்க உள்ளாட்சிக்கு அது அதிகாரம் தந்தது. தந்தைக்கு வேலை உண்டா இல்லையா என்பதைவிடப் பிள்ளையின் நிலையே அதில் முதலில் நின்றது. ஆனால் இது அனுமதி மட்டுமே. உள்ளாட்சி செய்தே தீர வேண்டிய கடமையாக்கப்படவில்லை. செலவுக்கு விதிக்கும் வரியும் பவுண்டுக்கு அரை பென்னியைத் தாண்டக் கூடாது.

1907இல் பிராட்ஃபோர்டின் பள்ளி மருத்துவர் ரால்ஃப் குரோலி, கிரீன் லேன் பள்ளிப் பிள்ளைகள் சிலருக்குக் காலையில் ஓட்ஸ் கஞ்சியும் மதியம் சாப்பாடும் தரச் செய்து, அவர்களுடைய எடையைத் தொடர்ந்து குறித்துவந்தார். உணவு கிடைத்த வாரங்களில் எடை ஏறியது. இடையில் விட்சன் பண்டிகை விடுமுறை வந்தபோது இறங்கியது. பிள்ளைக்குச் சோறு போட்டால் பெற்றோர் பொறுப்பைக் கைகழுவிவிடுவார்கள் என்று அப்போது வாதிட்டவர்கள் பலர். பள்ளி மூடியதும் எடை குறைந்தது என்றால், வீட்டில் கொடுக்க இருந்ததைப் பள்ளிக்காக நிறுத்திக்கொண்டார்கள் என்று சொல்ல வழியில்லை; வீட்டில் கொடுக்க இல்லை என்பதையே அது காட்டியது. ஏழை நிவாரணம் பெற்றவர் வாக்குரிமையை இழந்த காலம் அது. இந்த உணவால் அப்படி எந்த உரிமையும் பறிபோகாது என்று 1906ஆம் ஆண்டுச் சட்டமே வெளிப்படையாகச் சொன்னதை இங்கு கவனிக்க வேண்டும். 1914ஆம் ஆண்டுத் திருத்தம் அரை பென்னி வரம்பை நீக்கி, விடுமுறையிலும் உணவளிக்க இடம் தந்தது. 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பள்ளி உணவை உள்ளாட்சிகளின் கடமையாக்கியது.

உதவித்தொகையின் பெயரே அளவுகோலாதல்

1971இல் நடைமுறைக்கு வந்த குடும்ப வருவாய்த் துணைத்தொகை, வேலையில் இருந்தும் வருமானம் போதாத குடும்பங்களுக்கானது. அதைப் பெற்றவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி உணவும் இலவசம். மார்கரெட் தாட்சர் அரசின் 1980ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சத்துணவு விதிகளையும் நாடு முழுவதற்குமான ஒரே விலையையும் ஒழித்தது. ஆனால் இவர்களுடைய உரிமையை விட்டுவைத்தது. 1986ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டம் அதையும் எடுத்துவிட்டது. 1988 ஏப்ரல் முதல், இன்கம் சப்போர்ட் என்ற அடிப்படை உதவி பெறுவோருக்கே இலவச உணவு. உழைக்கும் குடும்பங்களுக்கான புதிய ஃபேமிலி கிரெடிட்டில் உணவுக்கு ஈடாக ஒரு தொகை சேர்க்கப்பட்டது. மற்றவர்களுக்குத் தம் விருப்பப்படி இலவசமாகத் தர உள்ளாட்சிகளுக்கு இருந்த அதிகாரமும் போயிற்று.

பணமாகக் கொடுத்தால் எப்படிச் செலவிடுவது என்று பெற்றோரே முடிவு செய்துகொள்ளட்டும் என்பது இந்த மாற்றத்துக்குச் சொல்லப்பட்ட நியாயம். கேட்க நேர்மையான வாதம்தான். ஆனால் கையில் வரும் பணம் வீட்டு வாடகைக்கும் குளிர்காலக் கணப்புக்கும் முதலில் போய்விடும். தட்டில் வைத்த சாப்பாடு பிள்ளையின் வயிற்றுக்கு மட்டுமே போகும். தவிர, ஈட்டுத்தொகை உதவித்தொகையோடு பிணைக்கப்பட்டிருந்ததால், விண்ணப்பிக்காத குடும்பத்துக்குப் பணமும் இல்லை, உணவும் இல்லை. 2003இல் வந்த வரிச்சலுகை முறையிலும் இதே கோடு நீடித்தது. குறைந்த வருமானமே இருந்தாலும், பெற்றோர் ஒர்க்கிங் டாக்ஸ் கிரெடிட் வாங்கினால் பிள்ளைக்கு இலவச உணவு கிடையாது. தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய் வாரம் 16 மணி நேரம் வேலை பார்த்தால் அந்தச் சலுகைக்குள் வந்துவிடுவார், உணவு நின்றுவிடும்.

7,400 பவுண்டு வரம்பு

2013இல் தொடங்கிய யுனிவர்சல் கிரெடிட், வேலையில்லாதவர், வேலையில் இருப்பவர் இருவருக்கும் ஒரே உதவியாக அமைந்தது. தொடக்கத்தில் அதைப் பெற்ற எல்லாக் குடும்பங்களுக்கும் பள்ளி உணவு இலவசம். 2018 ஏப்ரல் 1 முதல், கையில் கிடைக்கும் ஆண்டுச் சம்பளம் 7,400 பவுண்டைத் தாண்டினால் தகுதி இல்லை என்றானது. மாதக் கணக்கில் இது 616.67 பவுண்டு. ஏற்கெனவே பெற்றுவந்தவர்களுக்கு இடைக்காலப் பாதுகாப்பு தரப்பட்டது.

இந்த வரம்பு எப்படி வேலை செய்தது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் தரப்பட்ட இலவச உணவுக்காக அப்போது அரசு பள்ளிகளுக்குத் தந்த விலை ஒரு வேளைக்கு 2.30 பவுண்டு, பள்ளி நடக்கும் நாட்கள் 190. ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 437 பவுண்டு. காசு கட்டவேண்டிய மூன்று பிள்ளைகளுக்கு 1,311. வரம்புக்கு மேல் சம்பாதித்த ஒவ்வொரு பவுண்டிலும் 63 பென்ஸ் அப்போது உதவித்தொகையிலிருந்து கழிந்தது. மிஞ்சியது 37 பென்ஸ். ஆக, வரம்பை ஒரு பவுண்டு தாண்டிய தாய், இழந்த உணவை ஈடுகட்டவே மேலும் சுமார் 3,500 பவுண்டு சம்பாதிக்க வேண்டியிருந்தது. உழைப்பை ஊக்குவிப்பதாகச் சொல்லப்பட்ட திட்டம் கூடுதல் உழைப்புக்கு அபராதம் போட்டது. விலைவாசியும் கூலியும் ஏறியபோது வரம்பு அசையவில்லை. 2018இல் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.83 பவுண்டு, அதில் 7,400 பவுண்டு என்பது வாரத்துக்கு 18 மணி நேர வேலை. 2025இல் கூலி 12.21 ஆனபோது, வாரம் 12 மணி நேரம் வேலை பார்த்தாலே வரம்பு தாண்டியது.

7,400 என்பது சம்பளம் மட்டுமே, உதவித்தொகையைச் சேர்த்தால் அத்தகைய குடும்பத்தின் வருமானம் 18,000 முதல் 24,000 பவுண்டு வரை வரும் என்று அரசு விளக்கியது. அது உண்மையே. ஆனால் அதில் ஒரு பகுதி வீட்டு உரிமையாளரிடம் வாடகையாகப் போய்ச் சேர்வது. சாப்பாட்டுக்கு எடுக்க முடியாதது. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தும் தகுதி பெறாத பிள்ளைகள் இங்கிலாந்தில் சுமார் 9 இலட்சம் பேர் என்று குழந்தை வறுமைக்கு எதிரான செயற்குழு கணக்கிட்டது. 2020இல் விடுமுறைக்கால உணவுக்காகக் காற்பந்து வீரர் மார்கஸ் ராஷ்ஃபோர்ட் குரல் கொடுத்ததும், 2021இன் தேசிய உணவு உத்தி வரம்பை 20,000 பவுண்டாக உயர்த்தப் பரிந்துரைத்ததும் இந்தப் பின்னணியில்தான்.

எல்லோருக்கும் தருவதா?

2009 முதல் 2011 வரை அரசு நடத்திய முன்னோட்டத்தில், நியூஹாம், டர்ஹாம் பகுதிகளின் தொடக்கப் பள்ளிகளில் அனைவருக்கும் இலவச உணவு வழங்கப்பட்டது. உல்வர்ஹாம்ப்டனில் வருமான வரம்பு மட்டும் உயர்த்தப்பட்டது. முதல் இரண்டு இடங்களில் பிள்ளைகள் ஒப்பிடத்தக்க பகுதிகளைவிடச் சுமார் இரண்டு மாதப் படிப்பு முன்னேறியிருந்தனர். மூன்றாவதில் அத்தகைய பலன் தெரியவில்லை. ஏற்கெனவே இலவசத் தகுதி இருந்தும் சாப்பிடாமலிருந்த பிள்ளைகளும் அனைவருக்குமான திட்டத்தில் தட்டேந்தினர். வசதியானவர் பிள்ளைக்கு அரசு ஏன் சோறு போட வேண்டும் என்ற கேள்விக்கு இதில் பாதி விடை இருக்கிறது: தனி வரிசையும் வேறு நிறச் சீட்டும் இல்லாதபோதுதான் ஏழைப் பிள்ளையும் கூச்சமின்றிச் சாப்பிடுகிறது. மறுபாதி செலவு பற்றியது; அதை எளிதில் தள்ளிவிட முடியாது. 2014 செப்டம்பர் முதல் இங்கிலாந்து முதல் மூன்று வகுப்புகளோடு நிறுத்திக்கொண்டது அதனால்தான். வேல்ஸ் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரித்தது. 2023 முதல் இலண்டன் மாநகரமும் அவ்வாறே செய்தது.

2025 முடிவு

2025 ஜூனில் கியர் ஸ்டார்மர் அரசு, 2026 செப்டம்பர் முதல் யுனிவர்சல் கிரெடிட் பெறும் எல்லாக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் இலவச உணவு என்று அறிவித்தது. கூடுதலாக ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பயன்பெறுவர், ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 500 பவுண்டு வரை மிச்சமாகும் என்பது அரசின் மதிப்பீடு. 1988இல் வெளியே தள்ளப்பட்ட உழைக்கும் குடும்பம் இதன்மூலம் உள்ளே வருகிறது. கூடுதல் மணி நேர வேலைக்கு விதிக்கப்பட்ட அபராதமும் நீங்குகிறது. ஆனாலும் அளவுகோல் இன்னும் உதவித்தொகையின் பெயர்தான். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்காத ஏழைக் குடும்பம், அதன் வரம்பைச் சற்றே தாண்டிய குடும்பம் இரண்டும் வெளியேதான் இருக்கும். உதவி பெறுபவரும் உணவுக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டியிருப்பதால், சில உள்ளாட்சிகள் தம் கையிலுள்ள பதிவேடுகளைக் கொண்டு தாமாகவே பிள்ளைகளைச் சேர்க்கின்றன. பெற்றோர் படிவம் நிரப்பினாரா என்பதைப் பொறுத்துப் பிள்ளையின் மதிய உணவு அமையும் வரை, 1906ஆம் ஆண்டுச் சட்டம் வைத்த அளவுகோலுக்கு இங்கிலாந்து இன்னும் திரும்பவில்லை என்றே கொள்ள வேண்டும்.