ஊர்ப்பெயரின் மாண்பு

பத்தமடைப் பாய், மணப்பாறை முறுக்கு, பண்ருட்டிப் பலா எனப் பொருளை ஊர்ப்பெயரோடு சேர்த்து வழங்குதல் தமிழர் மரபு. அப்பெயர் வெறும் அடைமொழியன்று. விளைப்போர் வாங்குவோர்க்கு அளிக்கும் உறுதிமொழியாகும். புகைவண்டிச் சரக்குச் சீட்டு பொருள் புறப்பட்ட ஊரைக் கூறுமேயன்றி, விளைந்த ஊரைக் கூறாது. எனவே, ஊர்ப்பெயரைக் காக்கச் சட்டம் வேண்டுவதாயிற்று.

இதற்கு வழிகாட்டியது இத்தாலி நாடு. அங்குத் தஸ்கனிப் பகுதியிலுள்ள கியாந்தி மலைநாடு, செந்நிறத் திராட்சை மதுவுக்குப் பெயர் பெற்றது. 1716-இல் தஸ்கனியின் பெருங்கோமகன் மூன்றாம் கொசிமோ, கியாந்தி உள்ளிட்ட நான்கு பகுதிகளுக்கு எல்லை வகுத்து ஆணை பிறப்பித்தார். 1872-இல், முன்னாள் பிரதமர் பெத்தினோ ரிக்காசோலி, எவ்வகைத் திராட்சைகளைச் சேர்த்தல் நலம் என்பதை ஒரு மடலில் விளக்கினார். சாஞ்சோவேசே என்னும் கருந்திராட்சையே அவர் முறையில் தலைமை பெற்றது.

ஆயினும் 1932-இல் அரசு கியாந்தியின் எல்லையைப் பெரிதும் விரித்தது. பழைய நிலப்பகுதி 'கிளாசிக்கோ' எனப் பிரித்துக் கூறப்பட்டது. 1967-இன் விதியோ செம்மதுவில் வெள்ளைத் திராட்சையும் கலத்தலைக் கட்டாயமாக்கிற்று. தரம் போற்றிய விளைப்போர் சிலர் புகழ்பெற்ற அப்பெயரையே துறந்து தம் மதுவை விற்றனர். பின்னர் விதி திருந்தியது. கிளாசிக்கோவில் 80 விழுக்காட்டுக்குக் குறையாமல் சாஞ்சோவேசே இருத்தல் வேண்டும்; 2006 முதல் வெள்ளைத் திராட்சை அறவே விலக்கப்பட்டது.

நம் நாட்டில் இத்தகைய சட்டம் 1999-இல் இயற்றப்பட்டு, 2003-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பதிவகம் சென்னையில் உள்ளது. 2023-இல் கம்பம் பன்னீர்த் திராட்சை அச்சட்டத்தின்கீழ்ப் புவிசார் குறியீடு பெற்றது. ஆண்டு முழுவதும் அறுவடைக்கு வருதல் அதன் தனிச்சிறப்பு. உண்ணவும், சாறு பிழியவும், மது வடிக்கவும் ஏற்றது.

அக்கனி நமக்கு அயலதன்று. 1886-இல் திருவிதாங்கூர் அரசு செய்த ஒப்பந்தத்தின் பயனாக எழுந்து, 1895-இல் நிறைவுற்ற முல்லைப் பெரியாற்று அணையின் நீரே கம்பம் பள்ளத்தாக்கை வளங்கொழிக்கச் செய்தது. நாம் குடியேறி வாழும் நாட்டின் நீரும் நம் முன்னோர் நாட்டின் மண்ணும் அங்கு ஒன்றாகின்றன.

சட்டம் எல்லையைக் காக்கும். தரத்தைக் காத்தல் விளைப்போர் கடன். ஊர் கேட்டு வாங்குதல் நம் கடன். சாலைக் கடைத்தெருவில் திராட்சை வாங்குங்கால் விலையோடு ஊரையும் வினவுவோமாக. கேட்பாரற்ற பெயர் எத்துணைப் பழமையுடையதாயினும் நிலைபெறாது.