ஐசல் நதிக்கரையில் ஒரு பழம்பெரும் நகரம்

நெதர்லாந்து என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஆம்ஸ்டர்டாமின் கால்வாய்கள், காற்றாலைகள், துலிப் மலர்த் தோட்டங்கள். மலாக்காவின் சிவப்புக் கட்டடங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கோ டச்சுக்காரர் என்றாலே கப்பலும் கடலும்தான். ஆனால் டச்சுக் கப்பல்கள் கிழக்கே புறப்படுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நதி வணிகத்தால் செழித்த நகரங்கள் அந்த நாட்டில் இருந்தன. அவற்றுள் ஒன்று டெவென்டர்.

ஆம்ஸ்டர்டாமிலிருந்து கிழக்கே ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் சென்றால் டெவென்டர். மக்கள்தொகை சுமார் 1 லட்சம். நகரின் காலடியில் ஓடுகிறது ஐசல் நதி. ரைன் நதி நெதர்லாந்துக்குள் நுழைந்ததும் கிளைகளாகப் பிரிகிறது. அவற்றுள் வடக்கே திரும்பும் கிளைதான் ஐசல். ரைன் கொண்டுவரும் நீரில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கே இதற்குக் கிடைக்கிறது. அந்த ஒரு பங்குதான் இந்த ஊரை ஆக்கியது. அது குறைந்தபோது ஊரும் தளர்ந்தது.

ஊரின் தொடக்கம் 8ஆம் நூற்றாண்டு. இங்கிலாந்திலிருந்து வந்த லெபுவினுஸ் என்ற துறவி 768ஆம் ஆண்டளவில் நதிக்கரையில் சிறிய தேவாலயம் ஒன்றைக் கட்டினார். சாக்சன் இனத்தார் அதைக் கொளுத்தினார்கள். அவர் மீண்டும் கட்டினார். அவர் மறைந்து நூறாண்டு கழிந்த பிறகு, 882இல் வைக்கிங் கொள்ளையர் படகுகளில் வந்து ஊரையே எரித்துவிட்டுப் போனார்கள். அதன் பிறகே ஊரைச் சுற்றிப் பெரிய மண் அரண் எழுப்பப்பட்டது. லெபுவினுஸ் பெயரால் இன்று நிற்கும் பெரிய தேவாலயத்தின் அடித்தள அறை 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அந்தக் கோயிலுக்கு இரண்டு கோபுரங்கள் எழுப்ப எண்ணியிருந்தார்கள். எழுந்தது ஒன்றுதான்.

கருவாடும் காசும்

14, 15ஆம் நூற்றாண்டுகள் டெவென்டரின் பொற்காலம். வட ஐரோப்பிய வணிக நகரங்கள் சேர்ந்து அமைத்திருந்த ஹான்சா கூட்டமைப்பில் இந்த ஊரும் ஓர் அங்கம். ஆண்டுக்கு ஐந்து பெரிய சந்தைகள் கூடின. ஜெர்மனியிலிருந்து ரைன் வழியாக ஒயின் வந்தது. மேற்கே ஹாலந்திலிருந்து வெண்ணெய் வந்தது. நார்வேயின் பெர்கன் துறைமுகத்திலிருந்து வந்ததோ கருவாடு! உப்பில்லாமல் குளிர்காற்றிலேயே உலர்த்திய காட் மீன் அது. மரக்கட்டைபோல் இறுகிவிடும்; மாதக்கணக்கில் கெடாது. விரத நாட்களில் இறைச்சி உண்ணாத கத்தோலிக்க ஐரோப்பாவுக்கு அந்த மீன் தேவைப்பட்டது. டெவென்டர் வணிகர்கள் அதில் நன்றாகவே சம்பாதித்தார்கள்.

அந்தக் காலத்தின் சாட்சியாக நிற்கிறது பிரிங்க் எனப்படும் நகரச் சதுக்கம். அதன் ஒரு முனையில் 1528இல் கட்டப்பட்ட எடை மண்டபம் உள்ளது. சந்தைக்கு வந்த சரக்கெல்லாம் இங்கே நிறுத்த பிறகே விற்பனைக்குப் போகும். கட்டடத்தின் பக்கச் சுவரில் பெரிய செம்புக் கொப்பரை ஒன்று தொங்குகிறது. எதற்கு? கள்ள நாணயம் அடித்த ஒருவனை 1434இல் அதில் போட்டு உயிரோடு கொதிக்க வைத்தார்கள். நம்பிக்கையை மூலதனமாக வைத்து வாழ்ந்த வணிக நகரம், காசில் கைவைத்தவனை மன்னிக்கவில்லை. கொப்பரை பயணிகளின் புகைப்படங்களில் வேடிக்கைப் பொருளாகிவிட்டது. எடை மண்டபம் இப்போது அருங்காட்சியகம்.

வணிகரின் மகன்

செல்வம் கொழித்த இதே ஊரில்தான் செல்வத்தை உதறிய மனிதர் ஒருவரும் பிறந்தார். கீர்ட் குரூட்டே, 1340இல் வசதியான வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். பாரிசில் படித்துத் திரும்பியவர், 1374இல் தம் வீட்டை ஏழைப் பெண்களுக்கு ஒப்படைத்தார். பிறகு ஊர் ஊராகச் சென்று, மக்களுக்குப் புரியாத லத்தீனில் அல்லாமல் அவர்கள் பேசிய மொழியிலேயே பிரசங்கம் செய்தார். பாதிரிமார்களின் ஒழுக்கக்கேட்டையும் அவர் விட்டுவைக்கவில்லை. விளைவு, 1383இல் அவர் பேசுவதற்கே தடை வந்தது. அடுத்த ஆண்டு கொள்ளைநோய் கண்ட நண்பரைக் கவனிக்கப் போய், தாமும் அந்த நோய்க்கே பலியானார்.

அவரைப் பின்பற்றியவர்கள் பொதுவாழ்வுச் சகோதரர்கள் என்ற பெயரில் ஒன்றாக வாழ்ந்தார்கள். பிச்சை எடுப்பதில்லை என்பது அவர்களுடைய கொள்கை. பிழைப்புக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? புத்தகங்களைக் கையால் படியெடுத்துக் கொடுத்தார்கள். இப்படி நூல்களும் வாசகர்களும் பெருகிய ஊருக்கு 1477இல் அச்சகம் வந்தது. ரிச்சர்ட் பாஃப்ராட் என்பவர் அதை நடத்தினார். 1500ஆம் ஆண்டுக்குள் அன்றைய நெதர்லாந்தின் வேறெந்த நகரையும்விட இங்குதான் அதிகமான நூல்கள் அச்சாகியிருந்தன.

புகழ்பெற்ற அறிஞர் எராஸ்மஸ் சிறுவனாகப் படித்ததும் டெவென்டர் பள்ளியில்தான். ஆனால் பிற்காலத்தில் அவர் அந்தப் பள்ளியைப் பற்றி அவ்வளவாக நல்ல வார்த்தை சொல்லவில்லை. ஊர் மட்டும் அவரைச் சொந்தம் கொண்டாடுகிறது. 1560இல் ஒரு பாதிரியாரின் நூல்களை நகராட்சியே விலைகொடுத்து வாங்கி ஒரு நூலகத்தைத் தொடங்கியது. அந்த அதெனியம் நூலகம் நெதர்லாந்தின் மிகப் பழைய நகர நூலகங்களுள் ஒன்று.

நதி ஒதுங்கியபோது

பிறகு சரிவு வந்தது. ரைன் நீர் மேலும் மேலும் தெற்குக் கிளை வழியே போய்விட, ஐசல் மணல்மேடிட்டது. பெரிய கப்பல்கள் ஆம்ஸ்டர்டாமை நாடின. போதாக்குறைக்கு ஸ்பெயினுக்கு எதிரான விடுதலைப் போர். நகரைக் காக்க நியமிக்கப்பட்ட ஆங்கிலத் தளபதி வில்லியம் ஸ்டான்லி 1587இல் அதை ஸ்பெயின்காரர்களிடமே ஒப்படைத்தார்! இளவரசர் மாரிஸ் 1591இல் பீரங்கிகளோடு வந்து மீட்டார். நகர் மீண்டது, பழைய வணிகம் மீளவில்லை. நீரை மறுபடியும் இந்தப் பக்கம் திருப்ப உதவிய பன்னர்டன் கால்வாய் 1707இல்தான் முடிந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது.

19ஆம் நூற்றாண்டில் கம்பளம், இரும்பு, சைக்கிள் எனத் தொழிற்சாலைகள் வந்தன. 1912இல் இங்கே தொடங்கப்பட்ட காலனித்துவ விவசாயப் பள்ளி, டச்சு இந்தியத் தீவுகளின் தோட்டங்களுக்கு ஆட்களைத் தயாரித்து அனுப்பியது. ஜாவாவிலும் சுமத்ராவிலும் ரப்பர், தேயிலைத் தோட்டங்களில் துரைமார்களாக இருந்த சிலர் இந்தச் சிறிய நதிக்கரை ஊரில் படித்துவிட்டு வந்தவர்களே. மலேசியத் தோட்டப்புற வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இது வெறும் வெளிநாட்டுச் செய்தி அல்ல.

இரண்டாம் உலகப் போரில் ஐசல் பாலங்களைக் குறிவைத்த நேச நாட்டு விமானங்களின் குண்டுகள் நகர வீடுகள் மீதும் விழுந்தன. 1945 ஏப்ரல் 10இல் கனடியப் படை நகரை விடுவித்தது. ஆனால் பழைய நகருக்கு உண்மையான ஆபத்து அமைதிக் காலத்தில் வந்தது. மணற்குன்றின் மேல் அமைந்த பெர்க் வட்டாரத்தில்தான் அக்கால வணிகர்கள் வாழ்ந்தார்கள். போருக்குப் பின் அது சேரிபோல் ஆகியிருந்தது. ஒழுகும் கூரை, இடிந்த சுவர், நெரிசல். இடித்துத் தள்ளிவிட்டு நவீனக் கட்டடங்கள் எழுப்பலாம் என்ற பேச்சு வலுத்தது. அன்று அப்படிச் சொன்னவர்களை முழுக்கக் குறைகூறவும் முடியாது. அந்த வீடுகளில் குடியிருந்தவர்களின் அவதி அப்படி. எனினும் 1968இல் இதற்கென்றே அமைக்கப்பட்ட நிறுவனம் பழைய வீடுகளை வாங்கி, சீரமைத்து, வாடகைக்கு விடத் தொடங்கியது. ஊரில் பணம் கொழித்திருந்தால் இந்த வீடுகள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இடிக்கப்பட்டுப் புதிய மாளிகைகள் எழுந்திருக்கும். சரிவு மிச்சம் வைத்ததை 1968 காப்பாற்றியது.

அதன் பலன் விரைவிலேயே தெரிந்தது. காந்தி படத்தை எடுத்த ரிச்சர்ட் அட்டன்பரோ, அதற்கு முன்பு 1976இல் 'எ பிரிட்ஜ் டூ ஃபார்' என்ற போர்ப்படத்தை எடுத்தார். கதை நடப்பது ஆர்னெம் நகரப் பாலத்தில். ஆர்னெம் போருக்குப் பின் உருமாறிவிட்டதால், டெவென்டர் பாலமே ஆர்னெம் பாலமாக நடித்தது!

பெர்க் வட்டாரத்தின் குறுகிய தெருக்களில் 1991 முதல் டிசம்பர் மாதத்தில் டிக்கன்ஸ் விழா நடந்துவருகிறது. அந்த எழுத்தாளரின் கதைமாந்தர்களாக நூற்றுக்கணக்கான உள்ளூர்வாசிகள் வேடமிட்டு உலவுவார்கள். டிக்கன்ஸ் இங்கிலாந்துக்காரர், இந்த ஊருக்கும் அவருக்கும் தொடர்பில்லை. பழைய தெருக்கள் இருந்தன, அவ்வளவே. இந்த ஊருக்கு அதைவிடப் பொருத்தமானது ஆகஸ்டு மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை கூடும் புத்தகச் சந்தை. நதியோரத்திலும் தெருக்களிலுமாக ஏறக்குறைய 6 கிலோமீட்டர் நீளத்துக்குப் பழைய புத்தகக் கடைகள்! களைத்தவர்கள் பிரிங்க் சதுக்கத்தில் உட்கார்ந்து, தேன் கலந்த டெவென்டர் கேக்கைச் சுவைக்கலாம். நகர மண்டபத்தில் ஓவியர் கெரார்ட் தெர் போர்க் 1667இல் வரைந்த நகர மன்றத்தாரின் படத்தையும் தவறவிடக்கூடாது.

நதியோடு இந்த ஊருக்குள்ள கணக்கு இன்னும் தீரவில்லை. 1993, 1995 ஆண்டுகளில் டச்சு நதிகள் கரைதொட்டுப் பெருகியபோது, பல பகுதிகளில் சுமார் இரண்டரை லட்சம் பேர் இடம்பெயர நேர்ந்தது. கரையை உயர்த்திக்கொண்டே போவது போதாது, நதிக்கும் இடம் விடவேண்டும் என்று அரசாங்கம் முடிவு செய்தது. டெவென்டருக்கு அருகே வெள்ளச் சமவெளியில் பக்கக் கால்வாய்கள் தோண்டப்பட்டன. அப்படியும் 2023 டிசம்பரில் நீர் ஏறியபோது, கரையோரச் சாலை நெடுக மணல் மூட்டைகள் அடுக்கவேண்டி வந்தது.

வெள்ளம் இல்லாத நாட்களில், எதிர்க்கரைக்குச் செல்லும் சிறிய படகில் சில நிமிடங்களில் அக்கரை சேரலாம். லெபுவினுஸ் கோபுரமும் அதன் கீழே வரிசையாக நிற்கும் வீடுகளும் தெளிவாகத் தெரிவது அங்கிருந்துதான். வணிகர்களின் படகுகள் நின்ற அதே துறை இடையில் இருக்கிறது.