தூய்மைவாதக் குடியேற்றமும் சென்னைக் கோட்டையும்: யேல், ஹிக்கின்சன் குடும்பங்களை முன்வைத்து

திறவுச்சொற்கள்: தூய்மைவாதிகள், நியூ இங்கிலாந்து, புனித ஜார்ஜ் கோட்டை, எலிகு யேல், நத்தானியேல் ஹிக்கின்சன், தரங்கம்பாடி

முன்னுரை

அமெரிக்காவின் தொடக்ககால ஆங்கிலச் சமயக் குடியேறிகளைப் பற்றித் தமிழில் எழுதப்பெறுவன பெரும்பாலும் 1620இல் மேஃபிளவர் கப்பலில் பிளிமத் சேர்ந்த பிரிவினைவாதிகளோடு நின்றுவிடுகின்றன. இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து விலகிச் சென்ற அவர்களும், விலகாமலே அதனைத் திருத்த முனைந்து 1629, 1630ஆம் ஆண்டுகளில் மாசசூசெட்சில் குடியேறிய தூய்மைவாதிகளும் பலவேளைகளில் ஒன்றாகவே எண்ணப்படுகின்றனர். இவ்வேறுபாடு தமிழக வரலாற்றுக்கும் தொடர்புடையது. 1687 முதல் 1698 வரை புனித ஜார்ஜ் கோட்டையை அடுத்தடுத்து ஆண்ட இரு ஆளுநர்களும் இரண்டாவது குழுவினரின் குடும்பங்களில், அமெரிக்க மண்ணிலேயே பிறந்தவர்கள். சென்னை வரலாற்று நூல்களில் இச்செய்தி ஒரு சுவையான துணுக்காகவே கடந்து செல்லப்படுகிறது. அதனைச் சற்று நின்று நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு குடும்பங்கள்

எலிகு யேல் 1649இல் பாஸ்டனில் பிறந்தார். அவருடைய தந்தை டேவிட் யேல், நியூ ஹேவன் குடியேற்றத்தை நிறுவி அதன் முதல் ஆளுநராக விளங்கிய தியோஃபிலசு ஈட்டனின் மனைவி ஆனுக்கு முதல் மணத்தில் பிறந்த மகன். ஆளுநரின் இல்லம் என்பதால் அக்குடும்பத்திற்குச் சலுகை கிடைத்துவிடவில்லை. குழந்தைத் திருமுழுக்கை ஏற்க மறுத்த ஆன் ஈட்டன் 1645இல் சபை விலக்குக்கு ஆளானார். மறு ஆண்டில் டேவிட் யேல், ராபர்ட் சைல்டு முதலியோருடன் சேர்ந்து மாசசூசெட்சு மன்றத்திற்கு ஒரு முறையீடு அளித்தார். சபை உறுப்பினர்க்கு மட்டுமே குடியுரிமை என்னும் 1631ஆம் ஆண்டு விதியை எதிர்த்தது அம்முறையீடு, அது நிராகரிக்கப்பட்டது. எலிகு சிறு குழந்தையாக இருந்தபோதே அக்குடும்பம் இங்கிலாந்து திரும்பியது. சமய உரிமை நாடிக் கடல் கடந்தோர் அவ்வுரிமையைப் பிறர்க்கு வழங்கவில்லை என்பதற்கு இக்குடும்பத்தின் வரலாறே போதுமான சான்று.

நத்தானியேல் ஹிக்கின்சனின் பாட்டனார் பிரான்சிசு, 1629இல் சேலம் வந்தடைந்த முதல் சமயகுருக்களுள் ஒருவர். (நம் சேலம் அன்று, மாசசூசெட்சில் உள்ளது.) தந்தை ஜானும் அவ்வூரின் குருவே. நத்தானியேல் 1670இல் ஹார்வர்டில் பட்டம் பெற்று, பின்னர் இங்கிலாந்து சென்று, கிழக்கிந்தியக் கம்பெனிப் பணியில் சேர்ந்து சென்னை வந்தார்.

நகராண்மைக் கழகம்

1688ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் சென்னை நகராண்மைக் கழகம் தொடங்கப்பெற்றது. அப்போது ஆளுநர் யேல். முதல் மேயர் ஹிக்கின்சன். கழகத்தின் மன்றத்தில் ஆங்கிலேயருடன் போர்த்துக்கீசியக் கத்தோலிக்கரும் யூதரும் இந்து வணிகரும் இடம்பெற்றனர். சின்ன வேங்கடாத்ரி, ஆலங்காத்தா பிள்ளை ஆகியோரின் பெயர்கள் அவ்வகையில் அறியப்படுவன. தூய்மைவாத மாசசூசெட்சில் இவர்களுள் ஒருவர்கூட வாக்களிக்கும் தகுதி பெற்றிருக்க இயலாது. அக்குடியேற்றத்தின் முதல் குருக்களுள் ஒருவரின் பேரன் இத்தகைய மன்றத்திற்குத் தலைமை தாங்கியது கருதத்தக்கது.

ஆயினும் இதனைச் சமயப்பொறை எனப் போற்றுவது பொருந்தாது. கழகத்தின் அமைப்பு இலண்டனில் ஜோசையா சைல்டு போன்றோர் வகுத்தது. உள்ளூர்ச் சமூகங்களின் தலைவர்களை உள்ளே கொணர்ந்தால் நகர வரியைத் தண்டுவது எளிதாகும் என்பதே கணக்கு. ஹிக்கின்சன் அதனை நடத்தினார், உருவாக்கியவர் அல்லர்.

யேலின் ஆட்சியில் மற்றொரு செய்தியும் உண்டு. 1687இல் ஐரோப்பா செல்லும் கப்பல் ஒவ்வொன்றும் குறைந்தது 10 அடிமைகளை ஏற்றிச்செல்ல வேண்டும் எனக் கோட்டை மன்றம் ஆணையிட்டது. அடுத்த ஆண்டு அடிமை ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. இத்தடையை மட்டும் எடுத்துக்காட்டி யேலை அடிமை முறையின் எதிர்ப்பாளராகச் சிலர் காட்டுவர். தடைக்கு முகலாய அதிகாரிகளின் அழுத்தம் காரணமாயிற்று என்பதையும் முந்தைய ஆணையையும் சேர்த்தே படித்தல் வேண்டும்.

1692

தன்னல வணிகக் குற்றச்சாட்டுகளால் யேல் நீக்கப்பட, 1692 அக்டோபரில் ஹிக்கின்சன் ஆளுநரானார். அதே ஆண்டில்தான் சேலத்தில் சூனிய வழக்குகள் நடந்து 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். அவ்வழக்குகளுக்கென அமைந்த தனி நீதிமன்றம் கலைக்கப்பட்டதும் அந்த அக்டோபரிலேயே. குற்றம் சாட்டப்பட்டோருள் ஆன் டாலிவரும் ஒருவர். அவர் முதிய குரு ஜான் ஹிக்கின்சனின் மகள். சென்னை ஆளுநரின் உடன்பிறந்தவர். தூக்குத் தண்டனையிலிருந்து அவர் தப்பினார். ஒரே வீட்டின் மகன் கோட்டையில் அதிகாரம் ஏற்ற ஆண்டில் மகள் சூனியக்காரி எனப் பிடிக்கப்பட்டார். தந்தை அவ்வூர்ச் சபையின் குரு என்ற நிலையும் மகளை அக்குற்றச்சாட்டிலிருந்து காக்கவில்லை.

கொடையும் மடலும்

யேலின் செல்வம் சென்னையில், துணியாலும் வைரத்தாலும் ஈட்டியது. காஞ்சிபுரத்து நெசவாளரின் துணி திருப்பெரும்புதூர், பூவிருந்தவல்லி வழியே கடற்கரைக்கு வந்த காலம் அது. இன்று ஒரகடம், சேரப்பணஞ்சேரிப் பகுதித் தொழிற்சாலைகளின் சரக்கும் அத்துறைமுகத் திசை நோக்கியே செல்கிறது. 1718இல் பாஸ்டன் குரு காட்டன் மாத்தர், கனெக்டிகட் குருமார் 1701இல் நிறுவிய கல்லூரிக்கு உதவுமாறு யேலுக்கு எழுதினார். யேல் 417 நூல்கள், மன்னர் முதலாம் ஜார்ஜின் ஓவியம், 9 பொதிச் சரக்குகள் ஆகியவற்றை அனுப்பினார். சரக்கு விற்ற தொகை ஏறத்தாழ 562 பவுண்டு. கல்லூரி யேலின் பெயரைப் பெற்றது. அவருடைய பாட்டியைச் சபை விலக்கிய நியூ ஹேவனில்தான் அக்கல்லூரி நிலைபெற்றது.

அதே மாத்தர் 1717 டிசம்பர் 31ஆம் நாளிட்டுத் தரங்கம்பாடியின் சீகன்பால்குவுக்கும் ஒரு மடல் எழுதினார். சேலம் வழக்குகளுக்கு ஆதரவாக நூல் எழுதிய கை, தமிழ்ப் புதிய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பாளரைப் பாராட்டியும் எழுதியது. சீகன்பால்கு 1719 பிப்ரவரியில் மறைந்தார். மறுமொழி எழுதியவர் அவருடைய உடனுழைப்பாளர் கிரண்ட்லர். அவரும் 1720இல் காலமானார். மடல்கள் 1721இல் ‘இந்தியா கிறிஸ்தியானா’ என்னும் பெயரில் பாஸ்டனில் அச்சேறின. யேல் மறைந்ததும் அவ்வாண்டிலேயே.