ரேடியோ சாகச விமானத்தில் ரட்டர் இணைப்பும் சமநிலையும்

ரட்டர் எனப்படும் சுக்கான், விமானத்தின் செங்குத்து வாலின் பின்விளிம்பில் கீலிட்டுப் பொருத்திய அசையும் பலகை. பயணிகள் விமானத்தில் அதற்கு வேலை குறைவு. சாகச மாதிரி விமானத்தில் நிலைமை வேறு. ‘நைஃப் எட்ஜ்’ பறப்பில் இறக்கைகள் செங்குத்தாக நிற்க, விமானம் பக்கவாட்டில் படுத்தபடி செல்கிறது. அப்போது அதைத் தாங்குவது இறக்கை அல்ல. ரட்டரால் சாய்த்துப் பிடிக்கப்பட்ட உடற்பகுதி. ‘ஸ்டால் டர்ன்’ வித்தையில் நேர்மேலே ஏறி வேகம் இழந்த விமானத்தை உச்சியில் புரட்டுவதும் ரட்டர்தான். புரொப்பெல்லர் பின்னால் தள்ளும் காற்று ஒன்றே அந்த நொடியில் அதற்குத் துணை. இந்த வித்தைகளில் ரட்டர் குச்சியைத் தட்டிவிட்டு விட்டுவிட முடியாது; நொடிக்கணக்கில் அழுத்திப் பிடிக்க வேண்டும். இணைப்பில் ஒரு தளர்வு இருந்தால் அவ்வளவு நேரமும் அது வானில் தெரியும். அதை டிரான்ஸ்மிட்டரின் மிக்ஸிங்கால், அதாவது ஒரு கட்டுப்பாட்டோடு மற்றொன்றையும் தானாக அசைக்கும் மென்பொருள் வசதியால், மூடி மறைக்கப் பலர் முயல்கிறார்கள். வேலையின் வரிசை அதுவல்ல: முதலில் கீலும் கம்பியும், பிறகு எடைமையம், கடைசியில்தான் மென்பொருள்.

வரலாறு

ரேடியோ அலை முதன்முதலில் வசப்படுத்திய கட்டுப்பாடுகளில் ரட்டர் முக்கியமானது. அமெரிக்க இரட்டையர்களான வால்டர் குட், வில்லியம் குட் ஆகியோரின் ‘கஃப்’ விமானம் 1937இல் பறந்தது. அடுத்த இருபது ஆண்டுகள் பெரும்பாலான பொழுதுபோக்கு விமானங்களில் ரட்டர் மட்டுமே அசையும். முறுக்கிய ரப்பர் பட்டையின் விசையை ஒரு சிறு மின்காந்தம் படிப்படியாக விடுவிக்கும். இடம், நடு, வலம் என மூன்றே நிலைகள். 1960இல் சுவிட்சர்லாந்தின் டூபன்டார்ஃபில் முதல் உலக ரேடியோ சாகசப் போட்டி நடந்தபோது எட் கஸ்மிர்ஸ்கி வென்றார். அந்த மரபில் வந்த இன்றைய எஃப்3ஏ என்னும் சாகசப் போட்டிப் பிரிவில் விமானத்தின் நீளமும் இறக்கை அகலமும் 2 மீட்டருக்குள், எடை 5 கிலோவுக்குள் இருக்க வேண்டும். இந்த எடை வரம்பே ரட்டரை அசைக்கும் சிறு மோட்டாரான சர்வோவை எங்கே வைப்பது என்ற கேள்வியைக் கூர்மையாக்குகிறது.

இணைப்பு வகைகள்

வழக்கில் மூன்று முறைகள் உள்ளன. சர்வோவை உடற்பகுதியின் நடுவில் வைத்து புஷ்ராட் என்னும் நீண்ட கோலால் ரட்டரைத் தள்ளியிழுப்பது பழைய முறை. தள்ளும்போது கோல் வளைவதுதான் அதன் குறை. சர்வோவை வாலிலேயே பொருத்திக் குட்டைக் கோலால் இணைப்பது இரண்டாவது. விறைப்பில் இதற்கு நிகரில்லை, ஆனால் எடை போய்ச் சேர்வது வாலில். மூன்றாவது ‘புல்-புல்’. சர்வோ கையின் இரு முனைகளிலிருந்து இரண்டு கம்பிகள் ரட்டரின் இருபுறமும் நீட்டியிருக்கும் ஹார்ன் என்னும் கைகளுக்குச் செல்லும். ஒன்று இழுக்கும்போது மற்றது விட்டுக்கொடுக்கும். கம்பிக்குத் தள்ளும் வேலையே இல்லாததால் அது நூலளவு மெலிந்திருந்தாலும் போதும். எஃப்3ஏ அளவு விமானங்களில் இதுவே பரவலாகக் காணப்படுகிறது. அதன் வடிவியல் பிசகுவதும் அதே அளவுக்குப் பரவல்.

புல்-புல் வடிவியல்

ஹார்னில் கம்பி மாட்டும் துளை, மேலிருந்து பார்க்கும்போது, கீல்கோட்டுக்கு நேர் பக்கத்தில் இருக்க வேண்டும். சர்வோ கையின் இரு துளைகளும் சுழலச்சும் ஒரே கோட்டில் அமைய வேண்டும். கையும் ஹார்னும் ஒரே நீளமாயிருந்தால் நான்கு துளைகளும் இணைகரமாக அசையும். ரட்டர் எந்தக் கோணத்தில் நின்றாலும் கம்பியின் இழுவிசை மாறாது.

நடைமுறையில் ஹார்னை ரட்டர் பலகையில் திருகுவதால் துளை கீல்கோட்டுக்குப் பின்னே தள்ளிப்போய்விடுகிறது. அது 5 மி.மீ. பின்னே இருக்கிறது, ரட்டர் 35 பாகை திரும்புகிறது என்று கொள்வோம். 35 பாகையின் கோசைன் 0.82. ஆகவே இரு துளைகளும் தலா 0.9 மி.மீ. சர்வோவை நோக்கி நகரும்; இரு கம்பிகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 1.8 மி.மீ. தளர்வு பிறக்கும். இழுக்கும் கம்பி அதில் தன் பங்கை எடுத்துக்கொள்ள, மற்றது முழுத் தளர்வோடு தொங்கும். துளை கீல்கோட்டுக்கு முன்னே இருந்தால் விளைவு நேரெதிர்: கம்பிகள் இறுகும், சர்வோவின் பேரிங் நோகும், மின்சாரம் வீணாகும், ரட்டர் முழுக் கோணத்தை எட்டாது. இரண்டில் தளர்வதே பிழைக்கத்தக்க தவறு. ஹார்னை நகர்த்த வழியில்லாவிட்டால் சர்வோ கையின் துளைகளையும் அதே 5 மி.மீ. வால்பக்கம் தள்ளி வைக்கலாம். இணைகரம் மீண்டும் கூடிவிடும்.

கம்பிகளை உடற்பகுதிக்குள் பெருக்கல் குறிபோலக் குறுக்கிட விடுவதும் உண்டு. அதனால் திரும்பும் திசை மாறும். டிரான்ஸ்மிட்டரில் திருப்பிக்கொண்டால் போதும். குறுக்கிடும் இடத்தில் ஒன்றையொன்று உரசக் கூடாது, அவ்வளவுதான்.

இறுக்கம் எவ்வளவு? நடுநிலையில் தளர்வு கண்ணுக்குத் தெரியாத அளவு. தம்பூராத் தந்திபோல் முறுக்கேற்றும் ஆசை யாருக்கும் வரலாம். சுருதி சேரும்வரை இறுக்கினால் கெடுவது சர்வோவின் அச்சு.

நெம்புகோல் விகிதம்

சர்வோ 45 பாகை சுழலும்போது ரட்டர் 30 பாகை திரும்ப வேண்டும் என்றால், கையின் நீளம் ஹார்ன் நீளத்தில் சுமார் 0.7 பங்காக இருக்க வேண்டும். 30 மி.மீ. ஹார்னுக்கு 21 மி.மீ. கை. இப்படி அமைத்தால் நடுநிலையில் சர்வோவின் முறுக்குவிசை ரட்டரில் 1.4 மடங்காகச் சேரும்; சர்வோவின் பல்சக்கரத் தளர்வும் அதே விகிதத்தில் சுருங்கும். நீளமான கையை மாட்டிவிட்டு டிரான்ஸ்மிட்டரில் அசைவை 60 விழுக்காடாகக் குறைப்பது இந்த இரு இலாபங்களையும் தூக்கியெறிவதற்குச் சமம். புஷ்ராட் முறையிலும் இதே கணக்குத்தான்: 20 மி.மீ. ஹார்னில் துளை 0.2 மி.மீ. பெருத்துவிட்டால் ரட்டர் அரைப் பாகைக்கு மேல் தன்னிச்சையாக ஆடும்.

வெயிலும் ஈரமும்

எஃகு ஒரு மீட்டருக்கு, 20 பாகை செல்சியஸ் உயர்வுக்கு, ஏறக்குறைய கால் மி.மீ. நீள்கிறது. கார்பன் இழை உடற்பகுதி கிட்டத்தட்ட நீள்வதே இல்லை. பால்சா மரமும் இழை நெடுக மிகக் குறைவாகவே நீளும். ஆகையால் காலை நிழலில் சரியாக இருந்த எஃகுக் கம்பி நண்பகலில் தளர்ந்து கிடக்கும். கெவ்லார் நூலின் போக்கு வேறு: சூட்டில் அது சற்றுச் சுருங்கும். எந்தக் கம்பியானாலும் பறக்கும் இடத்தின் வெயிலில் அரை மணி நேரம் வைத்த பிறகே கடைசித் திருத்தம் செய்வது நல்லது.

கேரளத்தில் வேம்பநாட்டுக் காயலையும் கடலையும் அடுத்த திருப்பூணித்துறை, கொச்சி வட்டாரத்தில் இன்னொரு தொல்லையும் சேரும். நைலான் உறையிட்ட கம்பி வெளியே பளபளவென்றிருக்க, முனையில் கம்பியை நசுக்கிப் பிடிக்கும் குழலுக்குள் உப்பீரம் புகுந்து துரு பிடிக்கலாம். மழைக்காலம் முழுதும் பரணில் கிடந்த விமானத்தை இறக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அந்தக் குழலை. திறந்த சட்டக ரட்டரானால் மேற்படலம் ஒரு பக்கம் மட்டும் இழுத்து முறுக்கியிருக்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். முறுக்கிய ரட்டர் நிரந்தரமாக இட்ட ட்ரிம்முக்கு, அதாவது நடுநிலைத் திருத்தத்துக்கு, ஒப்பானது.

ரட்டரின் தன் சமநிலை

ரட்டரின் எடை முழுவதும் கீலுக்குப் பின்னே இருக்கிறது. வேகம் கூடும்போது வாலின் நெளிவும் இந்தப் பின்னெடையும் காற்றின் விசையும் ஒன்றையொன்று தூண்டி ‘ஃபிளட்டர்’ என்னும் நடுக்கம் பிறக்கலாம். தொடங்கிவிட்டால் கீல் பிய்வதற்கு அதிக நேரம் பிடிப்பதில்லை. தளர்ந்த இணைப்பே அதற்கு முதல் அழைப்பு. இரண்டாவது காப்பு, கீலுக்கு முன்னே எடை வைப்பது. பல சாகச விமானங்களில் ரட்டரின் மேல்முனை கீல்கோட்டைத் தாண்டி முன்னே நீண்டிருக்கும். காற்று அந்த முன்துண்டில் மோதி சர்வோவின் சுமையைக் குறைக்கிறது. அதற்குள் சிறு ஈயத்துண்டை வைத்தால் எடைச் சமநிலையும் கிடைக்கிறது. அந்த முன்துண்டு அளவுமீறினால் ரட்டர் தானே வெடுக்கென்று திரும்பப் பார்க்கும். கீல் இடுக்கை நாடா ஒட்டி அடைப்பதால் ரட்டரின் திறன் கூடுகிறது. செலவில்லாத இந்த வேலையைப் பலர் செய்வதில்லை என்பது வியப்பு.

விமானத்தின் எடைமையம்

60 கிராம் சர்வோவை எடைமையத்துக்கு 90 செ.மீ. பின்னே வாலில் வைத்தால், மூக்கில் 45 செ.மீ. முன்னே 120 கிராம் எடை கேட்கும். அல்லது ஒரு கிலோ பேட்டரியை ஐந்தரை செ.மீ. முன்னே தள்ள வேண்டும். பேட்டரிக்கு அந்த இடம் இருந்தால் வால் சர்வோ தரும் விறைப்பு மதிப்புள்ளது. இல்லாவிட்டால் புல்-புல் மேல்.

பறந்து சோதிக்கும் வழி எளிது. 45 பாகை ஏற்றத்தில் விமானத்தைத் தலைகீழாகப் புரட்டிக் குச்சியை விட வேண்டும். மூக்கு உடனே தாழ்ந்தால் முன்பாரம்; சற்று நேரம் கோடு மாறாமல் போனால் சரி; தானே மேலே ஏறினால் பின்பாரம். அடுத்து நைஃப் எட்ஜ். முன்பாரமான விமானம், மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகையான எலிவேட்டரில் மேல்நோக்கிய ட்ரிம்மைச் சுமந்து பறப்பதால், பக்கவாட்டில் படுக்கும்போது பெரும்பாலும் விமானிக்கூடுப் பக்கம் வளையும். பின்பாரமானது வயிற்றுப் பக்கம். எடைமையத்தைச் சில மி.மீ. நகர்த்திய பிறகும் எஞ்சும் வளைவுக்கு மட்டுமே ரட்டரிலிருந்து எலிவேட்டருக்கும் இறக்கையின் எய்லிரானுக்கும் சிறு விழுக்காட்டில் மிக்ஸிங் கொடுப்பது முறை. இடம், வலம் இரண்டுக்கும் வெவ்வேறு விழுக்காடு தேவைப்பட்டால் கம்பி வடிவியலைத்தான் மறுபடி சந்தேகிக்க வேண்டும்.

பறக்கும் இடம்

இந்தியாவின் 2021ஆம் ஆண்டு டிரோன் விதிகள் 25 கிலோவுக்கு உட்பட்ட, பொழுதுபோக்குக்கும் கல்விக்கும் கண்பார்வைத் தொலைவில் பறக்கும் மாதிரி விமானங்களுக்கு வகைச் சான்றிதழிலிருந்து விலக்கு அளிக்கின்றன. வான்வெளிக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு இல்லை. விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரையான வளையத்தில் 60 மீட்டருக்கு மேல் பறக்க அனுமதி வேண்டும். திருப்பூணித்துறைக்கு மேற்கே சுமார் எட்டு கி.மீ. தொலைவில், வில்லிங்டன் தீவில், கடற்படையின் ஐ.என்.எஸ். கருடா விமானத் தளம் இருக்கிறது. ஆகவே ரட்டரை வீட்டு முற்றத்தில் சீரமைக்கலாம். சோதிப்பதற்கு அரசின் ‘டிஜிட்டல் ஸ்கை’ வான்வெளி வரைபடத்தைப் பார்த்து வேறிடம் தேட வேண்டும். தடையற்ற பச்சை மண்டலத்திலும் உச்சவரம்பு 120 மீட்டர்தான். எஃப்3ஏ வித்தைகளோ விமானியிடமிருந்து சுமார் 150 மீட்டர் தள்ளி, 60 பாகை ஏற்றக்கோணம் வரை செய்யப்படுபவை. கணக்கிட்டால் உச்சி 260 மீட்டரை எட்டும். முழு அளவு ஸ்டால் டர்னைப் பழக விரும்புபவருக்கு இந்தியாவில் எங்கானாலும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி தேவை.