தனியார் பண்பலை வானொலி (இந்தியா)

இந்தியாவில் தனியார் பண்பலை வானொலி என்பது, நடுவண் அரசிடம் உரிமம் பெற்ற தனியார் நிறுவனங்கள் விளம்பர வருவாயைக் கொண்டு நடத்தும் வானொலிச் சேவையைக் குறிக்கும். இச்சேவை 2001 ஆம் ஆண்டு தொடங்கியது. நிலையங்கள் பல இருப்பினும் அவற்றுள் பெரும்பாலானவை திரைப்பாடல்களையே ஒலிபரப்புகின்றன. நேயர் விருப்பத்துடன், உரிமக் கட்டணமும் ஒலிபரப்பு விதிகளும் இதற்குக் காரணங்களாகும்.

நிகழ்ச்சி வடிவம்

எவ்வகை நிகழ்ச்சிகளை, எம்மொழியில், எவ்வயதினருக்காக ஒலிபரப்புவது என ஒரு நிலையம் வகுத்துக்கொள்ளும் முறை நிகழ்ச்சி வடிவம் எனப்படும். புதிய திரைப்பாடல்கள், பழைய பாடல்கள், ஆங்கில இசை, உரையாடல் ஆகியன சில வடிவங்கள். விளம்பரதாரர்கள் நேயர்களின் எண்ணிக்கையைக் கருத்தில் கொள்வதால், எண்ணிக்கை குறையும்போது நிலையங்கள் தம் வடிவத்தை மாற்றிக்கொள்கின்றன.

வரலாறு

இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பை அகில இந்திய வானொலி 1977 சூலை 23 அன்று சென்னையில் தொடங்கியது. 1993 இல் தனியாருக்கு ஒலிபரப்பு நேரம் மட்டும் குத்தகைக்கு விடப்பட்டது. 1998 இல் இம்முறை முடிவுற்றது. இதற்கிடையே, அலைவரிசைகள் பொதுச் சொத்து என உச்ச நீதிமன்றம் 1995 இல் தீர்ப்பளித்தது.

முதற் கட்டம்: 40 நகரங்களில் 108 அலைவரிசைகள் ஏலத்துக்கு வந்தன. ஏலத்தில் முடிவான கட்டணம் ஆண்டுதோறும் 15 விழுக்காடு உயரும் என்பது விதி. இச்சுமையால் 12 நகரங்களில் 21 நிலையங்களே இயங்கின. முதல் நிலையமான ரேடியோ சிட்டி 2001 சூலை 3 அன்று பெங்களூரில் தொடங்கியது. தமிழ்நாட்டில் சென்னை, கோயம்புத்தூர், திருநெல்வேலி ஆகியவை இக்கட்டத்தில் இடம்பெற்றன. மும்பையின் வின் 94.6 மூடப்பட்டது. அங்கு ஆங்கிலப் பாடல்களுக்கு முதன்மை அளித்த கோ 92.5, ரேடியோ ஒன் எனப் பெயர் மாறி இந்திப் பாடல்களுக்குத் திரும்பியது.

இரண்டாம் கட்டம்: 2005 இல் நிலையான கட்டணத்துக்கு மாற்றாக வருவாய்ப் பகிர்வு முறை வந்தது. ஒருமுறை நுழைவுக் கட்டணத்துடன், ஆண்டுதோறும் மொத்த வருவாயில் 4 விழுக்காடு அல்லது குறிப்பிட்ட குறைந்தபட்சத் தொகை, இவற்றில் எது கூடுதலோ அது செலுத்தப்பட வேண்டும். நிலையங்களின் எண்ணிக்கை 245 ஆக உயர்ந்தது. சென்னையில் முன்பே இருந்த சூரியன் (93.5), ரேடியோ மிர்ச்சி (98.3) ஆகியவற்றுடன் ஹலோ (106.4), பிக் (92.7) முதலிய நிலையங்கள் சேர்ந்தன. உரையாடலை முதன்மையாகக் கொண்டு தொடங்கிய சென்னை லைவ் (104.8) பின்னர் ஆங்கில இசைக்கு முதன்மை அளித்தது.

மூன்றாம் கட்டம்: இதற்கான கொள்கை 2011 இல் ஏற்கப்பட்டது, ஏலம் 2015 இல் தொடங்கியது. உரிமக் காலம் 10 ஆண்டுகளிலிருந்து 15 ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது. 2024 ஆகத்து மாதத்தில் மேலும் 234 நகரங்களில் 730 அலைவரிசைகளை ஏலம் விட நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

விதிகளின் தாக்கம்

முதலிரு கட்டங்களில் தனியார் நிலையங்கள் செய்தி ஒலிபரப்பத் தடை இருந்தது. மூன்றாம் கட்டத்தில் அகில இந்திய வானொலியின் செய்தியறிக்கைகளை மாற்றமின்றி மறு ஒலிபரப்புச் செய்ய மட்டும் இசைவு தரப்பட்டது. போக்குவரத்து, வானிலை, தேர்வு முடிவுகள் போன்றவை செய்தியாகக் கருதப்படுவதில்லை. இதனால், உள்ளூர்ச் செய்தியை அடிப்படையாகக் கொண்ட ஒரு தனியார் நிலையம் உருவாக வழியில்லாமற் போனது.

இரண்டாம் கட்டத்தில் ஒரு நிறுவனம் ஒரு நகரில் ஓர் அலைவரிசையை மட்டுமே நடத்தலாம். கையிலுள்ள ஒரே நிலையத்தைக் குறைந்த நேயர்களைக் கொண்ட கருநாடக இசைக்கோ நாட்டார் பாடல்களுக்கோ ஒதுக்க நிறுவனங்கள் முன்வரவில்லை. மூன்றாம் கட்டத்தில் இக்கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. அதன் பின்னர், தில்லியில் ஏற்கனவே ஃபீவர் 104 நிலையத்தை நடத்திய நிறுவனம், பழைய இந்திப் பாடல்களுக்கென 2016 இல் ரேடியோ நஷா (107.2) என்ற இரண்டாம் நிலையத்தைத் தொடங்கியது.

பாடல்களுக்கான காப்புரிமைத் தொகையும் நிலையங்களுக்குப் பெருஞ்செலவாக இருந்தது. 2010 ஆகத்து மாதத்தில் காப்புரிமை வாரியம் இதனை நிகர விளம்பர வருவாயில் 2 விழுக்காடாக வரையறுத்தது. அதற்கு முன்னர் பாடல் ஒலிக்கும் நேரத்தைக் கொண்டு தொகை கணக்கிடப்பட்டது.

இவற்றையும் பார்க்க

அகில இந்திய வானொலி
சமுதாய வானொலி
பண்பலை